இருபது நிமிட அப்பா காமெடி

அன்றைக்கு எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் இருந்தவர்கள்: முதல் மாடி மாலதி டீச்சர், இரண்டாம் மாடி ரங்கநாயகி மாமி, தரைத்தளம் சரோஜா, என் மனைவி விஜயா, அப்புறம் நான். மொத்தம் ஐந்து பேர். ஆறாவதாக யாரும் இல்லை.

எதற்கு இந்த அட்டெண்டன்ஸ் என்கிறீர்களா? அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது நான் ஒருவன் மட்டும் இல்லை என்று எழுத்தில் இருக்கட்டுமே என்றுதான். ஆனால் எழுதும்போதே தெரிகிறது... நான் ஒருவன் மட்டும்தான்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

எங்கள் கட்டடம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கம். எட்டு வீடுகள். பொங்கலுக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போவது என்று மாலதி டீச்சர் அறிவித்துவிட்டார். அவர்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. அவர் அறிவித்தால் அறிவித்ததுதான். இந்தப் பொங்கலுக்கு வரப்போவது ஐந்து படங்கள். எதற்குப் போவது?

"சாரையே கேட்போம். பத்திரிகையில எழுதறவருக்குத் தெரியாததா?" என்றார் டீச்சர்.

எனக்குத் தெரிந்தது என்ன? ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன், நேராகப் போய் நின்ற இடம் ஒரு தியேட்டர் வாசல். டிக்கெட் கிழித்தேன். அல்ஜீப்ரா வராது. ஆனால் போஸ்டரைப் பார்த்தே படம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நிபுணர் என்று பெயர் வாங்க இது போதாதா?

என் போனில் ஒவ்வொரு டிரெய்லராகப் போட்டேன்.

முதலாவது பேய்ப் படம். ஒரு பங்களா, நான்கு நண்பர்கள், தானாகத் திறக்கிற கதவு. கதவுக்கு எண்ணெய் விட்டால் படம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது போலீஸ் படம். ஹீரோ இரண்டு நிமிடத்தில் ஒன்பது தடவை ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார். சாதாரணமாக நடந்திருந்தால் திருடன் எப்போதோ பிடிபட்டிருப்பான். மூன்றாவது கபடிப் படம். கோச் அழுகிறார், அம்மா அழுகிறார், எதிரணிகூட அழுகிறது. நான்காவது பக்திப் படம், முழுக்க கிராபிக்ஸ். யானை நடக்கிறது, கால் தரையில் படவில்லை.

"மாமிக்கு இதுதான் பிடிக்கும்" என்றாள் விஜயா.

"யார் சொன்னா?" மாமி சிலிர்த்துக்கொண்டார். "பெருமாளைத்தான் தினம் போய் சேவிக்கறேனே. நேக்கு அந்தப் போலீஸ் படம்தான் வேணும். எலும்பு முறியற சத்தம் என்ன துல்லியமா கேக்கறது பாரு!"

ஐந்தாவது, குடும்பக் காமெடி. கல்யாண மண்டபம், செருப்பைத் தொலைத்த அப்பா, லேட்டாக வரும் பஸ். பார்த்த எல்லோரும் சிரித்தோம். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. டிரெய்லரை அவ்வளவு கவலையோடு பார்த்த ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை — என்னைத் தவிர.

மற்றவர்கள் இறங்கிப் போனதும் என்னையும் விஜயாவையும் நிறுத்தினார்.

"சார், நல்லா சிரிக்கிற படமா பாத்துச் சொல்லுங்க. இவர் சிரிச்சுப் பத்து மாசம் ஆச்சு."

இவர் என்றால் அவர் கணவர் கோவிந்தராஜன். பத்து மாதம் முன்பு அவர்களின் ஒரே மகள் காயத்ரி, அரியமங்கலத்தில் தான் வேலை பார்த்த பட்டறையிலேயே வேலை செய்யும் ஒரு பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டில் சொல்லவில்லை. அன்றிலிருந்து கோவிந்தராஜன் அவள் பெயரை உச்சரிப்பதில்லை. சரோஜா மட்டும் போனில், அதுவும் மொட்டை மாடிக்கு வந்து, பேசிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஏழாம் மாசம் சார். நாம படத்துக்குப் போற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த வெள்ளி வளைகாப்பு. படம் பாத்து மனசு லேசாகி வீட்டுக்கு வந்தார்னா, அன்னிக்கே நான் பேச்சை எடுத்துடுவேன். வேற நேரமே இல்லை சார்."

அடுப்பை அணைத்தோமா என்று காவிரிப் பாலம் வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள் நான். என் தலையில் ஒரு குடும்பத்தை வைத்தால் என்ன ஆவேன்? 

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் சேகருக்குப் போன் செய்தேன். சேகர் திருச்சியில் பட விநியோகஸ்தர் ஒருவரின் ஆபீஸில் இருக்கிறான். ரிலீஸுக்கு முன்பே எல்லாப் படத்தையும் பார்த்துவிடுவான்.

"அந்தக் குடும்பப் படம் எப்படி சேகர்?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போங்கண்ணே. செகண்ட் ஆஃப்ல ஒரு அப்பா காமெடி இருக்கு. இருபது நிமிஷம். தியேட்டர் இடிஞ்சு விழும்."

நான் விடுவேனா? ஒரு பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். முத்தம் இருக்கா? இரட்டை அர்த்தம் இருக்கா? ரத்தம் இருக்கா? யாராவது செத்துப் போறாங்களா? சாமியைக் கிண்டல் பண்றாங்களா? ஏ.சி. ஒழுங்கா வேலை செய்யுமா?

"அண்ணே, நீங்க சென்சார் போர்டுல இருக்க வேண்டிய ஆளு. ஒண்ணும் இல்லண்ணே. சுத்தமான படம்."

இப்படிப் பதினொரு கேள்வி கேட்டேன். 'அந்த அப்பா எதுக்குக் காமெடி பண்றார்?' என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. திருச்சியில், பாலம் தாண்டி. எனக்கு இடது பக்கம் கோவிந்தராஜன், அவருக்கு அந்தப் பக்கம் சரோஜா. முதல் பாதியில் செருப்புக் காட்சி வந்தபோது கோவிந்தராஜன் 'ஹ' என்றார். பிறகு நிஜமாகவே சிரித்தார். தோள் குலுங்கியது. சரோஜா அவருக்குப் பின்னால் எட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்புக்காக நான் பள்ளிக்கூடத்தை விட்டது சரி என்றுகூடத் தோன்றியது.

இன்டர்வலில் அவரே எழுந்து போய் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வந்தார். மாலதி டீச்சர் மாமியின் காதில், "இவரா? மெயின்டனன்ஸ் காசை மூணு தவணையா குடுக்கறவர்!" என்றார்.

"நல்ல செலக்‌ஷன் சார்" என்றார் கோவிந்தராஜன் என்னிடம். "அந்த அப்பாவா நடிக்கிறவன் பிரமாதமா பண்றான்."

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்தாவது நிமிடம், படத்தில் மகள் ஓடிப்போனாள்.

அப்புறம் அந்த இருபது நிமிடம். அப்பா ஆத்திரத்தில் குடும்பப் போட்டோவிலிருந்து மகளை வெட்டப் போய்த் தன் தலையையே வெட்டிவிடுகிறார். தியேட்டர் சிரித்தது. ரேஷன் கார்டில் அவள் பெயரை நீக்கப் போய், தவறான வரிசையில் நின்று சர்க்கரை வாங்கிக்கொண்டு வருகிறார். தியேட்டர் அதிர்ந்தது. கடைசியில் மகளைப் பார்க்காமல் இருக்கவும் முடியாமல், அவள் வீட்டுக்கு எதிரே டீக்கடையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார். கண்ணாடியை ஏற்றுகிறார், இறக்குகிறார், டீ சட்டையில் வழிகிறது. மாப்பிள்ளை பின்னால் வந்து நின்று கேட்கிறான்: "மாமா, சர்க்கரை கம்மியாவா?"

தியேட்டர் நிஜமாகவே இடிந்து விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். சிரித்தபடியே பக்கத்தில் இருந்தவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

பக்கத்தில் இருந்தவர் கோவிந்தராஜன்.

கை பட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. அவர் அசையவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் சரோஜா முந்தானையை வாயில் வைத்திருந்தார் — சிரிப்பை அடக்க இல்லை. எங்கள் வரிசையே சிரித்துக்கொண்டிருந்தது. அதில் உரக்கச் சிரித்தது யார் என்று கேட்காதீர்கள்.

வரும்போது ஆட்டோவில் இடம் போதவில்லை. கோவிந்தராஜன் தன் ஸ்கூட்டரில் வந்திருந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். காவிரிப் பாலத்தில் வழக்கம்போல டிராபிக். வண்டி நின்றது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன் சார், அந்த டீக்கடை சீன்... நிஜத்துல அப்படி உக்காந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சுடுமா?"

சகஜமாகப் பேசுகிறாரே, கோபம் இல்லை போலிருக்கிறது என்று எனக்கு ஒரே நிம்மதி. நிம்மதி வந்தால் எனக்கு வாய் கொழுத்துவிடும்.

"பின்ன தெரியாதா சார்? ஊர்ல எந்தக் கிறுக்கன் ஹெல்மெட்டோட டீ குடிப்பான்?"

"அதானே" என்றார்.

வண்டி நகர்ந்தது. அன்றைக்குச் சரோஜா பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தபோது, "நீ போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாராம். வெள்ளிக்கிழமை சரோஜா தனியாகப் பஸ் ஏறினார், கையில் வளையல் டப்பாவோடு. பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல படம்தான் சார். நமக்குத்தான் ஒத்துக்கலை" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது.

பத்து நாள் கழித்துச் சரோஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. காயத்ரி போனில் கேட்டாளாம்: 'அப்பா ரெண்டு வாரமா டீக்கடைக்கு வரலையே, உடம்பு சரியில்லையாம்மா?'

சரோஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த டீக்கடை?

சனிக்கிழமைதோறும் கோவிந்தராஜன் காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போவார். போனால் மதியம்தான் வருவார். இரண்டு மணி நேரம் பேரம் பேசுகிறார் என்று சரோஜா நினைத்துக்கொண்டிருந்தார். காயத்ரி சொல்லித்தான் தெரிந்தது: அவர் மார்க்கெட்டைத் தாண்டி அரியமங்கலம் போயிருக்கிறார். மகள் வீட்டுக்கு எதிரே டீக்கடை. தலையில் ஹெல்மெட்.

படத்தில் வந்தது அப்படியேதான். மாப்பிள்ளை வந்து சர்க்கரை கேட்டது மட்டும்தான் இல்லை.

பாலத்தில் அவர் கேட்டது சினிமாவைப் பற்றியா? அவர் தன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் கிறுக்கன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு மனிதர் மெல்ல மெல்ல மகளிடம் போய்க்கொண்டிருந்தார். போன தூரத்தையும் சேர்த்துத் திரும்பி வர வைத்துவிட்டேன்.

டிரெய்லரைப் பார்த்துப் படத்தைச் சொல்லிவிடலாம். பக்கத்து ஸீட்டில் இருப்பவரின் கதையை எந்த டிரெய்லரில் பார்ப்பது?

"நான் சொன்னா, எனக்கும் தெரிஞ்சு போச்சேன்னு ரொம்பக் குன்னிப் போயிடுவார். நீங்க சொல்லுங்க சார்" என்றார் சரோஜா.

மறுநாள் காலை அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"சார், அன்னிக்குப் பாலத்துல ஒண்ணு கேட்டீங்களே... நான் தப்பா சொல்லிட்டேன்."

"எது?" துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஹெல்மெட் போட்டா தெரியுமான்னு. காயத்ரிக்கு மூணாவது வாரமே தெரியுமாம் சார். வண்டி நம்பரைப் பாத்துட்டு."

துணி நின்றது.

"பாத்துட்டு... உள்ள போயிட்டாளா?"

"இல்ல சார். சனிக்கிழமை ஆனா நீங்க வர்ற நேரத்துக்கு வாசலுக்கு வந்து துணி காயப்போடுமாம். நீங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் போட்ட துணியையே எடுத்து எடுத்துப் போடுமாம்."

கோவிந்தராஜன் வெகுநேரம் சீட்டின் ஓரத்தில் ஒரே இடத்தைத் தேய்த்தார்.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல அவ்வளவு துணி ஏதுன்னு நானும் யோசிச்சேன்" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் வாயை மூடியிருந்தேன்.

"போகணும் சார்" என்றார் அவரே. "கடைசியா போனப்போ சில்லறை இல்லை. அடுத்த வாரம் தரேன்னு டீக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். பாக்கி வெச்சுக்கறது தப்பு."

"போயிட்டு வாங்க சார்."

"போகணும்."

இது நடந்து மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பால்கனியில் நின்று கீழே பார்க்கிறேன். ஸ்கூட்டர் துடைத்து வைத்தபடி அங்கேயே நிற்கிறது. காந்தி மார்க்கெட்டுக்கு இப்போது சரோஜாதான் போகிறார். அடுத்த மாதம் காயத்ரிக்குப் பிரசவம். கோடை விடுமுறைக்கு ஆறு படம் வருகிறது, எது நன்றாக இருக்கும் என்று நேற்று மாலதி டீச்சர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இதை எழுதலாமா என்று கோவிந்தராஜனிடம் கேட்டேன். "எழுதுங்க. அவ வாராவாரம் உங்க பக்கத்தைப் படிப்பா" என்றார்.

அம்மா காயத்ரி, உன் அப்பாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. துணியை எடுத்துவிடாதே. அவர் அந்தக் கடைக்கு வந்தே ஆக வேண்டும் — இரண்டு டீ, ஒரு பருப்பு வடை, முப்பத்திரண்டு ரூபாய் பாக்கி.