பக்கத்து சீட்டில் ஒரு டாக்ஸிக்காரர்: லா மல்பேயிலிருந்து டன்ஹாம் வரை

போன செப்டெம்பரில் நானும் கணவரும் நான்கு நாள் பயணமாகக் காரில் கிளம்பினோம். மொன்றியலிலிருந்து சென் லோரன்ஸ் ஆற்றின் வடகரையில் லா மல்பே, அங்கிருந்து ஃபெரியில் தென்கரைக்கு, பிறகு கமுராஸ்கா, கடைசியாகத் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த டன்ஹாம். மொத்தம் ஆயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றைப் பார்த்தபடி போய், டன்ஹாமில் நிதானமாக உட்கார்ந்து வைன் ருசிக்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஆசை. அறைகளை வசந்த காலத்திலேயே பதிவு செய்துவிட்டேன், அதுவும் காசு திருப்பித் தராத மலிவு விலையில். அதை நீங்கள் செய்யாதீர்கள்.

ஏனென்றால் ஜூலையில் இவர் சமையலறையில் மயங்கி விழுந்தார். பரிசோதனைகள் முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இருபது வருடம் மொன்றியலில் டாக்ஸி ஓட்டியவர் இவர். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக் கடை வரைதான் என் ஓட்டம். வேலைக்குக்கூட மெட்ரோவில்தான் போகிறேன். அப்படிப்பட்ட நான் ஓட்ட, இவர் பக்கத்தில் இருந்தார்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் கியூபெக் நகரத்துக்கு மூன்று மணி நேரம். "லேனை மாத்தும்", "கண்ணாடியைப் பாரும்", "அவனுக்கு ஏன் வழி விடுறீர்?" என்று அந்த மூன்று மணி நேரமும் ஒரே வர்ணனை. பே சென் போலுக்குப் பிறகு இரண்டு பாதைகள் உண்டு. 138 உள்ளுக்குள்ளால் போகும். 362 கரையோரம் போகும். அழகு, ஆனால் பயங்கரச் சரிவு. நான் 362ஐ எடுத்தேன். சரிவில் இவர் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்விரிப்பைச் சுருட்டிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, ஆற்றைப் பாருங்கோ. அதுக்குத்தானே வந்தனாங்கள்" என்றேன்.

"நான் ஆற்றைப் பாத்தா ரோட்டை ஆர் பாக்கிறது?"

"நான்!"

லா மல்பேயில் 'ஆறு தெரியும் அறை' என்று எடுத்திருந்தேன். பல்கனியின் இடது மூலைக்குப் போய் எட்டிப் பார்த்தால் தெரிந்தது உண்மைதான்.

மறுநாள், லா மல்பேயிலிருந்து அரை மணி நேரம் தள்ளியுள்ள சென் சிமியோனில் ஃபெரி. முந்தி வருபவருக்கே இடம், ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள். காருக்கும் ஆளுக்கும் தனித்தனியாகக் கட்டணம். காரைக் கப்பலுக்குள் ஏற்றும்போது அங்குள்ள பணியாளர் கையைக் காட்டுவார், அதன்படி போனால் போதும். அவர் இடப்பக்கம் காட்டினார். இவர் "வலம், வலம்!" என்று கத்தியபடி குறுக்கே சரிந்து ஸ்டியரிங்கையே பிடித்துவிட்டார். பணியாளர் சத்தம் போட்டார், பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் காரை நிறுத்தினேன்.

"இறங்குங்கோ."

"என்ன?"

"இறங்கி நடந்து வாங்கோ. இல்லாட்டி நான் காரை இதிலேயே விட்டிட்டுப் போயிடுவன்."

இறங்கி நடந்தார். நான் ஒரு கீறலும் இல்லாமல் நிறுத்திவிட்டு மேல்தளத்துக்குப் போனேன். இவர் கம்பியைப் பிடித்தபடி தனியே நின்றார். கோபம் ஆறாமலே ஒரு கோப்பியை நீட்டினேன்.

"கிளினிக்கால ஃபோன் எடுத்தவை" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எப்ப?"

"போன கிழமை. டாக்ஸி இனி ஓட ஏலாதாம். சொந்தக் காரைப் பற்றிப் பிறகு பாப்பமாம்."

ஏழு நாளாக மனிதர் இதை வைத்துக்கொண்டு என்னோடு சோறு தின்றிருக்கிறார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பயணத்தை நிப்பாட்டிப்போடுவீர்."

"நிப்பாட்டியிருக்க மாட்டன். ஏன் இப்பிடிக் கத்துறியள் எண்டாவது விளங்கியிருக்கும்!"

கோப்பியைக் கையில் வாங்கினார். "அந்த சீட்டில சும்மா இருக்கத் தெரியேல்லையப்பா" என்றார்.

அவருடைய கையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து எல்லோரும் மறுபக்கம் ஓடினார்கள், வெள்ளைத் திமிங்கிலமாம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அது போய்விட்டது.

கமுராஸ்காவில் ஆறும் கடல்போல ஏறி இறங்கும், அங்கே போகிறவர்கள் வற்று, பெருக்கு நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். நாங்கள் போனபோது தண்ணீர் எங்கேயோ தொலைவில் இருந்தது, முன்னால் முழுவதும் சேறு. புகையிட்ட மீன் கடை செவ்வாய்க்கிழமை பூட்டு. நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. பூட்டிய கதவைப் பார்த்து இவர் சிரிக்கத் தொடங்கினார், மயங்கி விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

அங்கிருந்து டன்ஹாமுக்கு நாலரை மணி நேரம். திராட்சைத் தோட்டத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு டொலருக்கு ஐந்து சின்னக் கிண்ணங்கள். ஊற்ற வந்த பெண், யார் கார் ஓட்டுவது என்று பிரெஞ்சில் கேட்டாள். இவர் வாயைத் திறந்து, ஒரு கணம் நின்று, "மா ஃபாம்" என்று என்னைக் காட்டினார். மனைவி.

ஆக, வசந்தத்திலிருந்து திட்டம் போட்ட நான் ஐந்து கிண்ணங்களையும் மணந்து மட்டும் பார்த்தேன். வைனே பிடிக்காத இவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டு, அந்தத் தோட்டத்தின் மிக விலையுயர்ந்த சிவப்பு வைனை "நாவல்பழத் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார்.

போகிறவர்களுக்கு: இரண்டு பேரும் ருசிக்க வேண்டுமென்றால் டன்ஹாமிலேயே ஓர் இரவு தங்குங்கள். யார் ஓட்டுவது என்பதை மட்டுமல்ல, யார் பேசாமல் இருப்பது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். முக்கியமான விஷயம் ஏதும் இருந்தால் ஃபெரி வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது, மொன்றியலுக்குள் போகும் சம்ப்ளேன் பாலத்துக்கு முன்னால், நெரிசலில் நான் லேனைத் தவறவிட்டு லொங்கேய் பக்கம் திரும்பிவிட்டேன். நாற்பது நிமிடம் வீண். அந்தச் சந்தியைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கக்கூடியவர் பக்கத்தில் விழித்தபடிதான் இருந்தார்.

"பிழையான லேன் எண்டு தெரியுந்தானே, ஏன் சொல்லேல்லை?"

கையைக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்: "நீர்தானே ஓடுறீர்."