சொக்குப்பொடியில் பொடி வந்த வழி

அகராதியில் சொக்குப்பொடிக்கு ஆளை மயக்கும் பொடி என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். யார், யாருக்கு, எதற்காகப் போடுவது என்று ஒரு வரி கிடையாது. எங்கள் அத்தையைக் கேட்காமல் அகராதி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

சொக்குதல் என்றால் தன்னை மறந்து மயங்குதல். மயங்குகிறவன் தானாகத்தான் மயங்குகிறான். அதில் பொடியே இல்லை. பிற்பாடு பொடியைச் சேர்த்தது நிச்சயமாக ஏதோ ஒரு நாத்தனார். கன்னடத்திலும் ஒரு நாத்தனார் இருந்திருக்கிறாள். அங்கே அது மங்குபூதி, புத்தியை மங்கவைக்கும் சாம்பல்.

விவேக் நகரில் சித்தப்பாவும் சித்தியும் எங்களோடுதான் இருந்தார்கள். கல்யாணமான புதிது. சித்தி கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வந்து சமைப்பாள். பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்டு முடிந்து வரும் சித்தப்பா பாத்திரம் தேய்ப்பார். கே.ஜி.எஃப்பிலிருந்து வந்த அத்தை இதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். தம்பிக்குப் பொடி போட்டாயிற்று என்று வாசலில் நின்றே அறிவித்தாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவும் மங்குபூதியேதான் என்று ஆமோதித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கணக்கு மிஸ்ஸிடம் நான் படும் பாடு தெரிந்தும் சித்தி இப்படியொரு பொருளை எனக்குத் தராமல் ஒளித்து வைத்திருக்கிறாளே. டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்தேன். கிடைத்தது மிளகாய்த்தூள் தும்மல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை சாமி படத்தின் முன் கற்பூரம் ஏற்றினாள். பொடி போடவில்லை என்று சித்தி அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே அவள் தாய்வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். சித்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செய்யாத குற்றத்துக்குச் சத்தியம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நின்றாள். கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

சித்தப்பா சோப்பு நுரைக் கையோடு வந்து அதை ஒரே அடியில் அணைத்தார்.

“அவ ஒண்ணும் போடல. நானாத்தான் சொக்கிக் கெடக்கறேன். போதுமா அக்கா?”

“பாத்தீங்களா, அந்தப் பொடி எப்படிப் பேசுதுன்னு,” என்றாள் அத்தை. மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிட்டாள்.

அப்பா சாப்பிட்டு, தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுப் படுக்கப் போனார். அம்மா அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“இருந்தா எனக்கும் கொஞ்சம் குடேன்.”

முதலில் தேடியவன் நான்தான் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். சித்தி சிரிக்காமல் அம்மாவின் கையிலிருந்து தட்டை ஏன் வாங்கிக்கொண்டாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.