தளர்த்திய கம்பி

கிட்டார் கம்பி விற்கும் கடைக்காரர் நம்பவில்லை. "பத்தாம் நம்பரா? உங்களுக்கா மாஸ்டர்?" என்றார். ஒரு மாணவனுக்கு என்று சொல்லிப் பார்த்தார் மாஸ்டர். "உங்ககிட்ட எந்த மாணவன் ரெண்டு வாரம் தாங்கினான்?" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் உறையை எடுத்து வைத்தார்.

கிட்டார் கம்பியில் எண் கூடக்கூடப் பருமன் கூடும். பத்து மெல்லிசு. மாஸ்டர் இத்தனை வருஷமும் பதிமூன்றுதான் போட்டார். அதை அழுத்த விரலில் பலம் வேண்டும். ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும். கேட்டாக வேண்டும். பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் மாலைதோறும் அவர் வாசிப்பார், மனைவி பாடுவாள். ஓட்டல் கொடுத்தது ஒரே ஒரு மைக். அது அவளுக்கு. கிட்டார் தன் குரலில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக்கொண்டு வந்தன. சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்தால்தான் போட முடிந்தது. முழங்கையில் நரம்பு சிக்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து விடுவிக்கலாம், அதன் பிறகு மாதக்கணக்கில் கிட்டாரைத் தொடக்கூடாது, உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. மாஸ்டருக்கு அந்த மாதங்கள்தான் உறைத்தன. அவர்கள் உட்காரும் மூலையில் மீன் தொட்டி வைக்கலாமா என்று மேனேஜர் ஏற்கெனவே ஒருமுறை அளந்து பார்த்திருந்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்பாள். பிறகு இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அவள் கடைக்குப் போயிருந்த காலையில் மெல்லிய கம்பியைப் பூட்டினார். கிட்டாரின் கழுத்து கனத்த கம்பியின் இழுப்புக்குப் பழகியது. இழுப்பு குறைந்ததும் பின்பக்கம் நிமிர்ந்துகொண்டது. எங்கே அழுத்தினாலும் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டில் உரசி இரைந்தது. கழுத்துக்குள் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இரைச்சலைப் போக்கினார். இரைச்சலோடு சத்தமும் போயிற்று. அன்று மாலை இரண்டாவது மேசையில் இருந்தவர்களுக்கே கிட்டார் எட்டவில்லை. "என்னங்க, கிட்டாருக்கு ஜலதோஷமா?" என்றாள் மனைவி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

மறுநாள் பழைய பதிமூன்றையே போட்டார். போட்டு, ஆறு கம்பியையும் ஒரு படி தளர்த்திவிட்டார். கம்பி இளகிற்று, விரல் பணிந்தது, சத்தமும் குறையவில்லை. இதை முன்னாடியே யோசிக்காமல் போனோமே என்று நினைத்தார். கம்பியோடு பாட்டின் சுருதியும் இறங்கியது. ஏன் இறக்கினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "இப்படித்தான் நல்லா இருக்கு," என்றார். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு பாடினாள்.

அந்த வாரம் வரவேற்பு மேசைப் பெண் அவளிடம் வந்து, "அக்கா, இப்பல்லாம் கேக்க இதமா இருக்கு. முன்ன மேல போவீங்க பாருங்க, அப்ப கொஞ்சம் பயமா இருக்கும்," என்றாள். அந்தப் பெண் பாராட்டாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீட்டில் உப்புத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. மனைவி ஐஸ் தண்ணீரை விட்டாள். மோரை விட்டாள். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கழித்து வந்தாள். "உள்ள என்ன யானையைக் குளிப்பாட்டுறியா?" என்று மாஸ்டர் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அவருக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. விரல்கள் இன்னும் மோசமாகியிருந்தன. இன்னும் அரைப்படி தளர்த்தினார்.

ஒரு மதியம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மீன் தொட்டி பற்றித்தான் இருக்கும் என்று போனார். மேனேஜரோ நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முந்தின நாள் மாஸ்டரின் மனைவி தனியாக வந்து பேசியதாகச் சொன்னார். தன் குரல் முடிந்துவிட்டதாம், அதை மறைக்க இவர் சுருதியை இறக்கி இறக்கி வாசிக்கிறாராம், தன்னால் இவருடைய வேலையும் போய்விடக்கூடாதாம்.

"பெரிய மனசு மாஸ்டர் அவங்களுக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு வருது. குரல் கூரையைத் தொடும். நீங்க பழைய சுருதிக்கே வந்துடலாம்."

மாஸ்டர் நன்றி சொன்னாரா என்று வெளியே வந்த பிறகு அவருக்கே நினைவில்லை.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"எனக்காக எவ்வளவுதான் இறக்குவீங்க? நீங்க சொல்லமாட்டீங்க. நான்தான் சொல்லணும்."

குழாய்ச் சத்தத்துக்குள் அவள் மேல் சுருதியைப் பாடிப் பாடிப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. விரலைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சொன்னதை, மெல்லிய கம்பி வாங்கியதை, எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை.

"என்னைத் தேத்துறதுக்கு உங்க கையைப் பழி சொல்லாதீங்க," என்றாள்.

மாஸ்டர் கிட்டாரை எடுத்து ஆறு கம்பியையும் பழைய சுருதிக்கு முறுக்கினார். பாடச் சொன்னார். அவள் மறுத்தாள். அவர் வாசிக்க ஆரம்பித்த பிறகு, வேறு வழியில்லாமல், கையில் துணியோடு பாடினாள். மேலே போகும் இடம் வந்தது. குரல் மேலே ஏறி, சேர வேண்டிய இடத்தில் போய் நின்றது. கீழே கிட்டார் இல்லை. சுண்டு விரல் கம்பியை விட்டு நழுவியிருந்தது. மோதிர விரல் எங்கோ அழுத்திக்கொண்டிருக்க, செத்த மரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. திரும்ப வாசித்தார். திரும்ப அதே சத்தம்.

அவள் பாடுவதை நிறுத்தினாள்.

"மேனேஜர்கிட்டப் போய் நானே பாடுறேன்னு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு. யாரு வாசிக்கிறது?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவருடைய இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுண்டு விரல் நுனியில் நகத்தை வைத்து அழுத்தினாள். தெரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். மோதிர விரலில் அழுத்தினாள். கொஞ்சம் தெரிகிறது என்றார். அவள் நம்பவில்லை, இன்னும் அழுத்தினாள். எவ்வளவு அழுத்துகிறாள் என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.