பந்தல்குடிக் கற்பூரவல்லி

பந்தல்குடியில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் எங்கள் கரி பஸ், பின்புற அடுப்புக்குக் கரி போட நிற்கிறது. புகை குடித்து இருமுகிற நான், சாலையோரக் கடைக்கார அம்மாளிடம் முகம் கழுவத் தண்ணீர் கேட்கிறேன். செம்பைத் தந்து கொல்லைப்பக்கம் கைகாட்டுகிறார்.

"பாத்திக்குள்ள நின்னு கழுவுங்க அண்ணாச்சி. இங்க யாரு மொகங் கழுவுனாலும் செடிக்குத்தான்."

சுற்றிலும் வெடித்த கரிசல். என் காலடியில் மட்டும் பச்சை. தீப்புண்ணுக்குக் கற்றாழை, காமாலைக்குக் கீழாநெல்லி என்று காட்டிக்கொண்டே வந்தவர், கற்பூரவல்லி இலை இரண்டைக் கிள்ளித் தருகிறார். மென்றதும் தொண்டை இளகுகிறது.

"எங்க ஊர்ல காவிரியே ஓடுது. வீட்ல இப்படி ஒரு செடி கிடையாது" என்கிறேன். முகம் கழுவியதுபோகச் செம்பில் மிஞ்சிய தண்ணீரை நன்றியோடு செடிக்குச் சாய்க்கப் போகிறேன். சட்டென்று என் கையைத் தடுத்து நிமிர்ந்து நிற்கிறார்.

"எங்க செடிக்கு நல்ல தண்ணி பழக்கமில்ல அண்ணாச்சி. இன்னொருக்க மொகங் கழுவுங்க!"