மண்ணுக்கு மேல் நீண்ட கை

போர் முடிந்த பிறகு வந்த இரண்டாவது ஹலோவீன்; வீட்டு வாசல்களில் பேய் அலங்காரம் வைக்கும் நாள். பிள்ளைகள் கேட்டார்கள் என்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் அஜின்கோர்ட்டில், வீட்டு முன்றலில் ஒரு பிளாஸ்ரிக் கையை, மண்ணுக்குள்ளிருந்து நீள்வதுபோல நட்டுவைத்தேன்.

வேலையால் வந்தபோது, வீட்டின் கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்த அக்கா அதன்மேல் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வன்னியிலிருந்து தப்பி வந்தவர்.

“என்னக்கா செய்யிறியள்?”

“பிளாஸ்ரிக் எண்டு தெரியும் தங்கச்சி. ஆனாலும் மனம் கேக்கேல்லை. ஷெல்லடிக்குள்ள என்ரை மகனை அரைகுறையாத்தான் மூடிப்போட்டு ஓடிவந்தனான்.”

போரை நிறுத்தச் சொல்லி இங்கே தெருவில் நின்று கத்தியழுதவள் நான். அந்தக் கையைக் கடையில் சிரித்துச் சிரித்துத் தெரிந்தெடுத்தவளும் நான்தான். பக்கத்தில் குந்தி, நானும் மண் அள்ளிப் போட்டேன்.

“பிள்ளையள் ஏமாந்துபோவினம். வேறை ஏதும் வாங்கிக் குடுங்கோ,” என்றார்.

அவர் ஏசியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.