கடைசித் துளைக்கு ஒரு மூடி

கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவளுக்கு ‘டேப் அக்கா’ என்று பெயர் வைத்தது நர்ஸ்கள்தான். சர்வரில் இருப்பதையெல்லாம் பழைய டேப் பெட்டி ஒன்றில் நகலெடுக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள். “அந்தக் கிழட்டுப் பெட்டியக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறீங்க?” என்று மேலாளர் கேட்பார். அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அன்று காலை சர்வரின் டிஸ்க் உயிரை விட்டது. அணைத்துப் புது டிஸ்க்கை மாட்டினாள். ஆனால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் லென்ஸ் அளவுகள் இப்போது டேப்பில் மட்டும்தான் மிச்சம். அவை வராவிட்டால் எல்லோரும் வீடு திரும்ப வேண்டியதுதான். சர்வர் அறை வாசலுக்கு வெளியே பெஞ்சில், சொட்டு மருந்து விட்ட கண்களோடு, அவளுடைய அப்பாவும் உட்கார்ந்திருந்தார். மகளின் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், “ஏதோ ஸ்விட்ச் போடுற வேலை” என்று மழுப்புகிறவர்.

டேப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சர்வரோ அப்படியொரு பெட்டியே இல்லையென்று சாதித்தது. கேபிளை மாற்றினாள். மறுபடி அணைத்துப் போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தரையில் படுத்து, பெட்டியின் பின்புறத்தில் டார்ச் அடித்தாள். கேபிளுக்குப் பக்கத்துத் துளை காலியாக இருந்தது.

“இங்க இருந்த மூடி எங்கண்ணே?”

உதவிக்கு நின்ற எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “டிஸ்க் மாத்த ஆஃப் பண்ணீங்கல்ல, அப்பத் தூசி தட்டினேன்மா. ஒயரே இல்லாம சும்மாதானே இருக்குன்னு கழட்டி டிராயர்ல போட்டேன்.”

“சும்மா இல்லண்ணே! ஒயர் அங்க முடியணும்னா அந்த மூடி வேணும். இல்லன்னா காலி ரூம்ல கத்துன மாதிரி, அனுப்புறதெல்லாம் எதிரொலிச்சுத் திரும்பி வரும்.”

சர்வரை அணைத்து, மூடியைத் திருகிப் போட்டாள். மறுபடி உயிர் கொடுத்ததும் டேப் சுழன்றது. திரையில் அளவுகள் வரிசையாக வந்து விழுந்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மேலாளர் அங்கே இல்லையே என்றுகூட இருந்தது.

வெளியே அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: “ஸ்விட்ச் கிட்ச் போட்டிருப்பாங்க, சரியாயிடுச்சு.”

“ஸ்விட்சா?” அப்பாவின் குரல் எகிறியது. “என்னய்யா பேசுறீங்க? ஒயரு முடியிற எடத்துல ஒரு மூடி இருக்கணும். இல்லன்னா எதிரொலிக்கும்! அதக் கண்டுபிடிச்சது யாரு? எம் பொண்ணு!”

முதல் ஆளாக அவரைத்தான் நர்ஸ் கூப்பிட்டாள்.

“இரும்மா,” என்றார் அப்பா, “இவருக்கு இன்னும் புரியல.”