ஒன்பதுக்குத் தெரியாத பிழை

ஒன்பதைத் தள்ளிப் பார்க்கிற கணக்கை எனக்கு முதலில் சொன்னவ உரும்பிராய்ப் பொன்மணி ரீச்சர், எண்பத்தாறாம் ஆண்டு தவக்காலத்தில். தெற்கில் தடுப்பு முகாம்களில் இருந்த பிள்ளைகளுக்கு, எங்கள் கோயில் மண்டபத்தில் வியாழன்தோறும் நாங்கள் இருவரும் கடிதம் எழுதிக் கொடுத்தோம். இந்த வேலையில் எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு உண்டு, இலக்கப் பிழைக்கு இல்லை. கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

மிச்சம்

உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் கோடிக்கணக்கில் ஓர் எண். வீட்டார் கொண்டுவரும் சீட்டைப் பார்த்து அதை நான் கொப்பியில் எழுதுவேன். ரீச்சர் சீட்டின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகக் கழித்து, மிச்சத்தை ஓரத்தில் குறிப்பா. எவ்வளவு பெரிய எண்ணையும் ஒன்பதால் பிரித்தால் வருகிற மிச்சம் அதுதானாம். நான் எழுதினதிலும் அதே மிச்சம் வரவேண்டும்.

தம்பிக்கு எழுத வந்த சண்டிலிப்பாய்ப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் சீட்டில் இருந்த 1 என்ற இலக்கத்தை நான் 7 என்று எழுதிவிட்டேன். மிச்சம் ஒத்துவராமல் உடனே பிடிபட்டது. அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரீச்சர், உந்த ஒன்பதை என்ரை மனிசிக்குச் சொல்லிக் குடுத்திடாதையுங்கோ. பிறகு நான் ஒரு பொய்யும் சொல்லேலாது."

முடிச்சும் தூண்டிலும்

குருநகர் அந்தோனியம்மாவுக்கு வலை பின்னத் தெரியும், வாசிக்கத் தெரியாது. மகனின் எண் 50382714. கூட்டினால் முப்பது, மிச்சம் மூன்று. என் கொப்பியிலும் மூன்று. ஐந்து மாதம், கிழமைக்கொரு கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. இருக்கிறானோ இல்லையோ என்று அவ ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. செபமாலையோடு மண்டபத்து மர வாங்கில் உட்கார்ந்திருப்பா.

ஒரு வியாழன், உறையில் எழுதின எண்ணின் மை காயும்வரை சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தவ மெல்லச் சொன்னா: "தங்கச்சி, எனக்கு இலக்கம் தெரியாது. ஆனா சீட்டிலை முடிச்சு முன்னுக்கு, தூண்டில் பின்னுக்கு. நீங்கள் மாத்தி வைச்சிருக்கிறியள்."

பதினொன்று

முடிச்சுப் போலிருப்பது 8, தூண்டில் போலிருப்பது 2. 82 இருந்த இடத்தில் முதல் நாளே கொப்பியில் நான் 28 என்று எழுதியிருந்தேன், உறைகளையும் அதைப் பார்த்தே எழுதினேன். ரீச்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தா. ஐம்பத்துநாலாயிரம், ஒன்பதால் மீதியின்றிப் பிரிந்தது. எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் வருமாம், ஆகவே மிச்சம் மாறாதாம். அதைப் பிடிக்க வேறொரு கணக்கு உண்டாம்: வலப்பக்கமிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால், பதினொன்றால் பிரித்தால் வருகிற மிச்சம் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினால் அதற்குத் தப்பாது. செய்து பார்த்தோம், இரண்டு எண்ணுக்கும் வேறுவேறு விடை. ரீச்சர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா: "மேரி அக்கா, இதைத்தானே நான் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். இங்கை அதை நினைக்கேல்லை."

பதில்

சரியான எண்ணோடு அனுப்பி ஒரு மாதத்தில் பதில் வந்தது. நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. அம்மா ஏன் இவ்வளவு நாளும் எழுதவில்லை என்று பிள்ளை கேட்டிருந்தான். அதோடு நிறுத்திக் கடிதத்தை நீட்டினேன். அந்தோனியம்மா கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னா: "தபால் பிந்திப்போச்செண்டு எழுதுங்கோ தங்கச்சி. உங்கடை பேரைச் சொல்லவேண்டாம்."

ஒன்பதாலும் பதினொன்றாலும் கண்டுபிடிக்க முடியாத பொய் அது, அதையும் என் கையாலேயே எழுதினேன். நீங்கள் யாருக்காவது ஓர் எண்ணைப் பார்த்தெழுதினால், உறையை ஒட்டமுன் ஒருக்கா அவரிடமும் காட்டுங்கள்.